காற்றிழந்தும் ஓடும் டயர்



சில வாரங்களாக ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். அது பிரசங்கத்தைப் பற்றியதாக இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். "ஐயா, காற்றுப் போனாலும் ஓடும் டயரை யாராவது கழற்றிப் போடுவார்களா?" என்பதே அந்தக் கேள்வி. கார்களில் கூர்மையான கண்ணுடைய வாலிபர் ஒருவர் முதலில் கவனித்து மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் பதில் என்னிடம் இல்லை. ஆகையால் இவ்வாரம் இங்கே எழுதுகிறேன்.

காரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. போதகருக்கு எதற்கு இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் என்று வாய்விட்டுக் கேட்டவர்களும் உண்டு, கேளாமல் நினைத்தவர்களும் உண்டு. அது என் அண்ணனுடையது. 2005ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. இசட்4. ஐ-85 நெடுஞ்சாலையில் போகும்போது நாமெல்லாரும் கடந்து செல்கிறோமே, ஸ்பார்டன்பர்க் பக்கத்து ஆலை, அங்கேதான் அது பிறந்தது. அண்ணன் பணி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபோது, "விற்றால் கிடைப்பது சொற்பம், தம்பி, நீயே வைத்துக்கொள்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய கார் உண்டு. வாலிபர் கூட்டத்திற்குப் பிள்ளைகளை ஏற்றி வருவதற்கு எனக்குப் பெரிய கார் தேவைப்படும் நாள்களில், மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் என் மனைவி இந்தச் சிறிய காரை எடுத்துச் செல்வது வழக்கமாயிற்று. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டயர் விஷயத்தில் முடிவு இதைச் சுற்றியே அமைந்தது.

இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. அதை வைக்க இடமே இல்லை. அதற்குப் பதிலாகத் தொழிற்சாலையிலிருந்தே ரன்ஃபிளாட் டயர்களோடு வந்தது. சாதாரண டயரின் பக்கச்சுவர் மெல்லியது. உள்ளே இருக்கும் காற்றுதான் காரைத் தாங்குகிறது. காற்றுப் போனால் பக்கச்சுவர் மடிந்து, ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கிவிடும். ரன்ஃபிளாட்டில் பக்கச்சுவரின் உட்புறம் தடித்த ரப்பர் பட்டை ஒன்று சேர்த்து வலுவூட்டப்பட்டிருக்கும். காற்று முழுவதும் வெளியேறினாலும் அந்தப் பட்டையே சிறிது தூரம் காரைச் சுமக்கும். பொதுவாகச் சொல்லப்படும் அளவு, மணிக்கு 50 மைலுக்கு மேற்படாத வேகத்தில் 50 மைல் தூரம். அதற்குள் பட்டை மடிந்து மடிந்து சூடேறி, டயர் உள்ளுக்குள் சிதையத் தொடங்கும். ஆகவே அது பஞ்சராகாத டயர் என்று எண்ணிவிடாதீர்கள். பஞ்சரான பின்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம் தவணை தரும் டயர் அது.

அந்தத் தவணையை நான் இலேசாக மதிக்கவில்லை. மணிக்கு 70 மைல் வேகத்தில் போகும்போது திடீரென்று காற்று முழுவதும் போனால், ரன்ஃபிளாட் ரிம்மைப் பற்றிக்கொண்டே நிற்கும், ஸ்டியரிங்கும் கைக்கு அடங்கும். லாரிகள் உராய்ந்து செல்லும் நெடுஞ்சாலை ஓரத்தில் முழங்காலிட்டு ஜாக்கி வைக்க வேண்டியதில்லை. இவை மெய்யான நன்மைகள்.

விலை என்னவென்றால், பஞ்சரே ஆகாத நாள்களிலும் அந்தத் தடித்த பட்டையைச் சுமந்துகொண்டே ஓட வேண்டும். என் காரின் முன் டயர் 225/40 ஆர்18. அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 விழுக்காடு, அதாவது 90 மில்லிமீட்டர். பின்னால் 255/35. அங்கும் கணக்கு ஏறக்குறைய அதே 90தான். ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் மெத்தை நான்கு விரல் அகலம்கூட வராது. அதையும் கல்லாக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? பாலத்து இணைப்பு ஒவ்வொன்றும் முதுகெலும்பில் ஏறும்.

முதுகுவலி ஒருபுறமிருக்கட்டும். வளைவில் நேர்வதே என்னை யோசிக்க வைத்தது. பிரெவர்டில் இருக்கும் நம் மூத்த சகோதரியைப் பார்க்க மாதம் ஒருமுறை 276ஆம் எண் சாலையில் சீசர்ஸ் ஹெட் வழியாக மலையேறுகிறேன். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த சாலை. வளைவின் நடுவே சாலை சற்றுச் சீரற்று இருந்தால், வளையாத பக்கச்சுவர் அந்த அதிர்வை உள்வாங்காது. சக்கரம் கணநேரம் சாலையை விட்டு எழும்பிவிடும். அந்தக் கணத்தில் கார் வெளிப்பக்கமாக ஒரு அடி எடுத்து வைப்பதுபோல விலகும். மெதுவாகப் போனாலும் அப்படித்தான். டயரின் வேலை சாலையைத் தொட்டுக்கொண்டே இருப்பது. மடிந்து கொடுக்கும் பக்கச்சுவர் அந்த வேலையை நன்றாகச் செய்யும். வேகமாக ஓட்டுபவர்களுக்காக அதே கம்பெனி 2006இல் கொண்டுவந்த இசட்4 எம் என்னும் வகைக்கு ரன்ஃபிளாட் போடவில்லை, பஞ்சர் அடைக்கும் சாதனத்தை வைத்து அனுப்பினார்கள். அமெரிக்கக் கார்வெட்டின் கதையும் இதுவே. 1997இல் வந்த தலைமுறைக்கு ரன்ஃபிளாட் இயல்பாகவே உண்டு, ஸ்டெப்னி இல்லை. 2001இல் அதே காரின் வேகமான வகையான இசட்06 வந்தபோது எடையைக் குறைக்க ரன்ஃபிளாட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கட்டமைப்புள்ள டயர்களைப் பூட்டினார்கள். செய்தவர்களே தங்கள் சிறந்த காரில் எதை விட்டுவிட்டார்கள் என்பது எனக்குப் போதுமான சாட்சியமாகப் பட்டது. (இன்றைய ரன்ஃபிளாட்டுகள் இருபது ஆண்டுகளுக்கு முந்தியவற்றைவிட எவ்வளவோ மென்மையானவை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.)

ஆனால் ஓட்டுபவன் நான் ஒருவன் அல்லவே. பின் டயர்கள் தேய்ந்து, மாற்றவேண்டிய வேளை வந்தபோது என் எண்ணத்தை வீட்டில் சொன்னேன். மனைவி உடனே மறுத்தார். மருத்துவமனையிலிருந்து வீடு 30 மைல். பணி முடிந்து அவர் புறப்படும் நேரம் இரவு 11:30. வழியில் காற்றுப் போனாலும் 30 மைல் என்பது 50 மைலுக்குள் அடங்கும், நிற்காமல் வீடு வந்து சேரலாம். "50 மைல் என்பது உங்களுக்கு ஓர் எண். எனக்கு அது நெடுஞ்சாலை ஓரத்தில் இரவு 11:30 மணிக்குத் தனியாக நிற்காமல் இருப்பது" என்றார். அதற்கு எதிர்வாதம் எதுவும் என்னிடம் இல்லை. புதிய ரன்ஃபிளாட்டுகளையே பூட்டுவது என்று தீர்மானித்தோம்.

அவருக்கு விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை இருவருமாக டயர் கடைக்குப் போனோம். பணியாளர் பின்பக்க டயர் ஒன்றைக் கழற்றி, எங்கள் இருவரையும் உள்ளே அழைத்தார். டயரின் உட்புறத்தில் விளக்கை அடித்துக் காட்டினார். கறுப்பு மிளகுத்தூளைக் கொட்டி வைத்ததுபோல் ரப்பர் துகள்கள் உள்ளே குவிந்திருந்தன. பக்கச்சுவரின் உட்புறம் சுற்றிலும் உராய்ந்து சொரசொரத்த ஒரு வளையம். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. காற்றுக் குறைந்த நிலையில் இந்த டயர் கணிசமான தூரம் ஓடியிருக்கிறது, தாங்கும் பட்டை ஏற்கெனவே தன் வலிமையைச் செலவழித்துவிட்டது என்றார் அவர். இன்னும் எத்தனை மைல் தாங்கியிருக்கும் என்று மனைவி கேட்டார். "அதை யாராலும் சொல்ல முடியாது, அம்மா. ஐந்து மைலாகவும் இருக்கலாம்." பக்கச்சுவரில் பொறித்திருந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 2213. அதாவது 2013ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்த டயர்.

அன்றிரவு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சற்றும் கலங்காமல், "ஆமாம், மஞ்சள் விளக்கு ஒன்று அவ்வப்போது எரியும். ரீசெட் செய்தால் அணைந்துவிடும்" என்றார். இந்தக் காரின் எச்சரிக்கை முறை காற்றை நேரடியாக அளப்பதில்லை என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். காற்றுக் குறைந்த டயரின் விட்டம் சற்றுச் சுருங்கும், சுருங்கிய சக்கரம் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுழலும். அந்த வேறுபாட்டைக் கண்டே விளக்கு எரிகிறது. காற்றடிக்காமல் ரீசெட் செய்தால், குறைந்த நிலையையே சரியான நிலை என்று கார் கற்றுக்கொள்ளும். நான்கு டயர்களும் மாதந்தோறும் ஒன்றாகவே காற்றிழந்து வந்தால், வேறுபாடு இல்லாததால் அது வாயே திறக்காது. 2007 செப்டம்பருக்குப் பின் இந்நாட்டில் விற்பனைக்காகத் தயாரான இலகு வாகனங்களுக்குச் சட்டம் கடுமையானது, நான்கும் சேர்ந்து குறைந்தாலும் எச்சரிக்க வேண்டும். இது 2005இன் கார். போதாதற்கு, காற்றில்லாத ரன்ஃபிளாட் பார்வைக்கும் நிமிர்ந்தே நிற்கும், ஓட்டுபவருக்கும் பெரிதாக வேறுபாடு தெரியாது. தாங்கிப் பிடிக்கும் அந்தக் குணமே குறையை மறைத்துவிடுகிறது.

வீடு திரும்பும் வழியில் மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "புதிய ரன்ஃபிளாட் போட்டாலும் சில வருடம் கழித்து அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரவில் நான் இந்தக் காரை எடுக்கமாட்டேன். பெரிய காரின் பின்னால் ஸ்டெப்னி இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம், கையால் அழுத்திப் பார்க்கலாம். அதை எனக்குக் கொடுங்கள். இதற்கு நீங்கள் விரும்பும் டயரைப் போட்டுக்கொள்ளுங்கள்." அவருடைய பணிநாள்களில் பெரிய கார் அவருக்கு என்று ஆனது. வாலிபர் கூட்டத்திற்குப் பிள்ளைகளை நான் அழைத்து வரும் விதம் ஏன் மாறியது, ஒவ்வொருவராக ஏன் வருகிறார்கள், கூட்டம் ஏன் அரைமணி தாமதமாகத் தொடங்குகிறது என்று கேட்ட பெற்றோருக்கு இதுவே விடை. இரண்டு இருக்கைக் காரில் ஒரு தடவைக்கு ஒரு பிள்ளையைத்தான் ஏற்ற முடியும். உங்களில் இருவர் இப்போது வாகனம் கொடுத்து உதவுகிறீர்கள். அதற்கு நன்றி.

இந்த இடத்தில் புத்தியுள்ள கன்னிகைகளையும் அவர்களுடைய எண்ணெய்ப் பாத்திரங்களையும் நான் அழைத்து வருவேன் என்று உங்களில் சிலர் காத்திருப்பீர்கள். இவ்வாரம் அவர்கள் இளைப்பாறட்டும்.

பூட்டியவை மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், அதே அளவுகளில். ரன்ஃபிளாட்டையும் சாதாரண டயரையும் ஒரே காரில் கலந்து போடலாகாது, ஆகையால் நான்கையுமே மாற்றினோம். ரன்ஃபிளாட்டுக்கென்று செய்த ரிம்மில் சாதாரண டயர் உட்காருமா என்று கேட்டேன், தடையில்லை என்றார்கள். சுமை எண் தொழிற்சாலை குறித்ததற்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். விலையில் மிச்சமான தொகையில் 12 வோல்ட் இணைப்பில் இயங்கும் சிறு கம்பிரசரும், பஞ்சர் அடைக்கும் திரவமும், நெற்றியில் கட்டும் விளக்கும், சாலையோர உதவிக்கான ஆண்டுச் சந்தாவும் வந்து சேர்ந்தன. அந்தத் திரவத்தைப் பற்றி மிகுதியாக நம்பிவிடாதீர்கள். சாலையைத் தொடும் பட்டையில் ஆணி குத்திய சிறு துளையை, ஏறத்தாழ கால் அங்குலம் வரை, அது அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது, டோ டிரக்கை அழைக்கத்தான் வேண்டும். மலைச்சாலையில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்களும் உண்டு. ஆகையால் பிரெவர்டுக்குப் புறப்படும் நாளில் எந்நேரம் திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். ரன்ஃபிளாட் இருந்த காலத்தில் இந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

ஓட்டம் எப்படி இருக்கிறது என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். முதல் சில நாள்கள் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் சற்று நிதானித்துப் பதில் சொல்வதுபோல் தோன்றியது. பழைய கல் டயர் உடனே திரும்பும், இது முதலில் சாய்ந்து, பின் பற்றும். பழகிய பின்பு சீசர்ஸ் ஹெட் வளைவுகளில் அந்த விலகல் இல்லை. மேட்டில் ஏறினாலும் சக்கரம் சாலையோடு இருக்கிறது. மழையில் பிடிமானம் குறிப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு மேம்பட்டது, ஆனால் தேய்ந்த பழைய டயரோடு புதியதை ஒப்பிடுவது நியாயமன்று என்பதால் அதைப் பெருமையாகச் சொல்லமாட்டேன். பாலத்து இணைப்புகள் இப்போதும் கேட்கின்றன, முதுகில் ஏறுவதில்லை.

குளிர்தான் இதன் குறை. இவை கோடைக்கான ரப்பர். வெப்பம் 7 பாகை செல்சியஸுக்கு, நம் பேச்சுவழக்கில் 45 பாகைக்கு, கீழே இறங்கினால் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். உறைநிலைக்குக் கீழே அசைத்தால் வெடிப்பு விழவும் கூடும். நம் பகுதியில் ஜனவரி விடியற்காலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாள்களில் கார் கொட்டகையை விட்டு நகராது. எல்லாப் பருவத்துக்குமான டயரை ஏன் போடவில்லை என்று கேட்டால், வீட்டில் இது ஒன்றே கார் என்றிருந்தால் நிச்சயம் அதைத்தான் போட்டிருப்பேன். உங்களில் பலருக்கு ஒரே கார்தான். என்னைப் பார்த்து நீங்கள் கோடை டயர் வாங்க வேண்டாம். பிள்ளைகளோடு இரவில் தனியாக ஓட்டும் தாய்மார்களின் காரில் ரன்ஃபிளாட் இருந்தால், கழற்றவும் வேண்டாம். நல்ல நிலையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சென்ற மாதம் வாராந்தரச் சோதனையில் வலது பின் டயரில் மற்றதைவிட ஆறு பி.எஸ்.ஐ. குறைவாகக் கண்டேன். நடுப்பட்டையில் ஓர் ஆணி. கடையில் டயரைக் கழற்றி உட்புறமிருந்து ஒட்டுப்போட அரைமணி நேரம்தான் ஆயிற்று. உட்புறம் சுத்தமாக இருந்ததை நானே கையால் தடவிப் பார்த்தேன். காற்றில்லாமல் ஓடிய ரன்ஃபிளாட்டாக இருந்திருந்தால், அநேகமாகப் புதிது வாங்கச் சொல்லியிருப்பார்கள்.

கழற்றிய பழைய டயர்கள் கிடைக்குமா என்று ஒரு சகோதரர் கேட்டார். வெளியே பார்த்தால் இரண்டு இன்னும் புதிதுபோலத்தான் இருந்தன. அவற்றைக் கடையிலேயே அழித்துவிடச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாகன நிறுத்துமிடத்தில் காற்றழுத்தமானியோடு நிற்பேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் காருக்குரிய அளவு இருக்கும், அதையும் டயரின் கடைசி நான்கு இலக்கங்களையும் சேர்ந்து பார்ப்போம். காரைக் கிளப்புவதற்கு முன்பே வாருங்கள். அளக்கும்போது டயர் குளிர்ந்திருக்க வேண்டும். நம் ஆராதனையின் நீளத்தை அறிந்தவர்களுக்கு, அது குளிர்ந்திருக்குமா என்ற ஐயம் எழாது.